கூப்பிட்டால் வராத பூனை

கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் தெய்வம்மாவுக்கும் அவள் புருஷன் இருளப்பனுக்கும் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஓர் அறை கொடுத்தார்கள். உள்ளே ஒரு வெள்ளைப் பூனை படுத்திருந்தது. யார் விட்டுப்போனதோ. இலங்கையின் ஹட்டனில் ரயிலேறி, கப்பலேறி, மண்டபம் முகாமில் ஏழு மாதம் கிடந்து வந்தவளுக்கு அதைத் துரத்தக்கூடத் தெம்பில்லை. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்ததும், கருவாட்டுத் தலையைத் தட்டில் வைத்து, "பூஸ், பூஸ்" என்று கூப்பிடுவாள். அது முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தட்டைத் தட்டினாலும் திரும்பாது.

"இந்த ஊருப் பூனைக்கு நம்ம பேச்சு வெளங்காது" என்றான் இருளப்பன். அவன் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. முடியாது என்பதை 'அவ்வளவு விலைக்கு ஏலாது' என்று அவள் தன் ஊர்ப் பேச்சில் சொன்னதற்கு, கடைக்காரர் ஏலக்காய் டப்பாவைத் திறந்த ஊர் இது.

"திமிரு புடிச்சதுங்கக்கா அது" என்றாள் பக்கத்து அறைக் கிருஷ்ணம்மாள், பல்லடத்துக்காரி. "முன்னால இருந்தவங்க கூப்பிட்டாலும் வராதுங்க."

ஆடி மழைக்கு நடுவே ஒருநாள் வெயில் அடித்தது. எஸ்டேட் ரோட்டின் நடுவில் பூனை சுருண்டு தூங்கியது. வளைவில் ஜீப் ஹாரன் அடித்தபடி இறங்கியது. செடிகளிலிருந்த குருவிகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. பூனைக்குக் காது நுனிகூட அசையவில்லை. தெய்வம்மா கூடையோடு ஓடி அதை வாரி எடுத்தாள். திடுக்கிட்டு அவள் கையைக் கீறியது. பிறகு புடவையை முகர்ந்து பார்த்து அடங்கியது.

"ஏம்மா, பூனைக்கோசரம் உசுர உடப் பாக்கறயா?" என்று டிரைவர் கத்தினான்.

அன்று மாலை பூனைக்குப் பின்னால் நின்று சட்டி மூடியைத் தட்டிப் பார்த்தாள். அசைவில்லை. மூலையிலிருந்த விறகுக் கட்டைத் தூக்கித் தொப்பென்று தரையில் போட்டாள். துள்ளித் திரும்பியது.

"திமிரில்ல, காது கேக்காது பாவம்" என்றாள்.

அதற்குப்பின் அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். காலைத் தரையில் ஓங்கி மிதித்தாள், அது வந்தது. மெல்ல மெல்ல மற்றதும் புரிந்தது. இருளப்பன் இடதுகாலை இழுத்து நடப்பது தரையில் அதற்குத் தெரியும். அவன் வாசலுக்கு வருமுன்பே எழுந்து போய் நிற்கும். கிருஷ்ணம்மாளின் தடதட நடைக்கு விறகுக்குப் பின்னால் ஒளியும். கதவு திறந்தால் மீசையில் படும் காற்றுக்கே தலை தூக்கும். தெய்வம்மா வாய் அசைத்தால் முகத்தையே பார்க்கும்.

ஒன்பது வருஷம் அந்தப் பூனை அவர்களோடு இருந்தது. சரிவில் ஏறி இறங்கி முழங்கால் வீங்கிய நாட்களில் அவளால் மிதிக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து உள்ளங்கையால் தரையில் இரண்டு தட்டு தட்டுவாள். அது வந்து மடியில் ஏறிக்கொள்ளும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அந்த அலுப்புக்கு அதுவே போதுமாயிருந்தது.