இரண்டு குழல், ஒரு லைசன்ஸ்

வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கி வாங்கப் போன என்னை, முதலில் வேட்டை லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை. என் விசாவைப் பார்த்துவிட்டு, என் ஆங்கிலத்துக்கு ஏற்ற வேகத்தில், நிதானமாகத்தான் சொன்னார். கிரீன் கார்டு இருந்தால் பிரச்சினை இல்லை. விசாவில் இருப்பவன் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. கையில் நடப்பு வேட்டை லைசன்ஸ் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆக, திருடனுக்குப் பயப்படுகிறவனுக்குக் கிடையாது, புறா சுடுகிறவனுக்கு உண்டு. இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே, சோளக்காட்டை அழித்து வீடு வீடாகக் கட்டி நம் ஆட்களுக்கு விற்ற ஒரு பகுதியில். வேலை என் மனைவிக்கு. அவள் என் அத்தை மகள், இன்ஜினியர். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். கோவில்பட்டியில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருந்தேன். அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து, சமையல் செய்கிறேன், மூன்று மணிக்கு மகளைப் பள்ளியில் இருந்து கூட்டி வருகிறேன். மற்ற நேரமெல்லாம் வீட்டில் நான் ஒருத்தன்தான்.

பக்கத்துத் தெருவில் ஒரு தெலுங்குக்காரர் வீட்டில் பட்டப்பகலில், பதினோரு மணிக்கு, திருடர்கள் புகுந்தார்கள். டிவியைத் தொடவில்லை, லேப்டாப்பைத் தொடவில்லை. நேராகப் போய் அரிசி மூட்டைக்குள் கையை விட்டு நகையை எடுத்தார்களாம். நாம் எங்கே ஒளித்து வைப்போம் என்பதுவரை தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டு நகை துவரம்பருப்பு டப்பாவில் இருந்தது. அன்றிலிருந்து பதினோரு மணியானால் கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். பார்சல் கொண்டுவருகிற பையன் மணியடித்தாலும் ஜன்னல் ஓரமாக நின்று அவன் செருப்பு வரைக்கும் பார்ப்பேன்.

துப்பாக்கி என்றதும் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"மச்சான், பத்து வருஷமா கிரீன் கார்டு க்யூல நிக்கிறோம். உங்களால அதுல ஒரு கீறல் விழுந்துச்சுன்னா, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"சட்டப்படிதானே எடுக்கப் போறேன்?"

"அதான் சொல்றேன். சட்டப்படி."

லைசன்ஸுக்கு முன்னால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு ஒன்று கம்ப்யூட்டரில் முடிக்க வேண்டும். எல்லாம் ஆங்கிலம். எங்கள் ஒன்பது வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். தப்பாக அழுத்தப் போனால் என் கையைத் தட்டிவிடுவாள். "அப்பா! யூ கான்ட் ஷூட் அக்ராஸ் எ ரோட்!" பள்ளியில் வாங்கிய அடியெல்லாம் திரும்ப ஞாபகம் வந்தது. எப்படியோ அக்டோபரில் லைசன்ஸ் கைக்கு வந்தது.

இரண்டு வேலைக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்றார் கடைக்காரர். முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுகிற பம்ப் துப்பாக்கி. கூடவே இரண்டு குழல். நீளமானது பறவைக்கு, குட்டையானது வீட்டுக்கு. ஒரு திருகைக் கழற்றினால் மாற்றிக்கொள்ளலாம், இரண்டு நிமிஷ வேலை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைவலி. புறாவுக்குப் பொடிக் குண்டு, வீட்டுக்குப் பெரிய குண்டு. இரண்டு டப்பாவும் பார்க்க ஒரே மாதிரி. புறா வேட்டைக்குப் போனால் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறக்கூடாது என்று சட்டம். அதற்காக உள்ளே ஒரு குச்சியைச் செருக வேண்டும். வீட்டுக்கு என்றால் அந்தக் குச்சியை உருவ வேண்டும். ஒன்றுக்குச் சரியாக வைத்தால் மற்றதற்குத் தப்பு. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றேன்.

நீளக் குழலோடு ஒருநாள் காலையில் ஒத்திகை பார்த்தேன். தோட்டா இல்லாமல்தான். படுக்கையறையிலிருந்து நடைக்குத் திரும்பும் இடத்தில் குழல் முனை சுவரில் இடித்து, மாவுக்கட்டிபோல ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. சாயங்காலம் மனைவி அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"திருடன் வர்றதுக்குள்ள நீங்களே வீட்டை இடிச்சிருவீங்க போல."

குட்டைக் குழலை மாட்டினேன். துப்பாக்கி பூட்டிய பெட்டியில், தோட்டா வேறு அறையில் வேறு பூட்டில். பிள்ளை இருக்கிற வீடு, அதில் எனக்கும் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால், இரண்டு பூட்டையும் திறந்து, குச்சியை உருவியாயிற்றா என்று சந்தேகப்பட்டு, மறுபடி பார்த்து, தயாராவதற்கு நாலரை நிமிஷம். அதற்குள் திருடன் பருப்பை அளந்து வைத்துவிட்டே போயிருப்பான்.

என்னை வேட்டைக்குக் கூட்டிப் போனவர் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர். பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறார், சிட்டிசன் ஆகிப் பல வருஷம். முதல் தடவை போனபோது குழல் மாற்ற மறந்து, வீட்டுக்கு மாட்டிய குட்டைக் குழலோடு போய்விட்டேன். அவர் வயல் வரப்பில் உட்கார்ந்து சிரித்தார்.

"அண்ணை, புறா மேல பறக்குது. நீங்கள் குசினிக்கு வாற கள்ளனுக்கு வச்ச பேரலோட வந்திருக்கிறியள்."

"சுட்டுத்தான் பாப்போமே."

"சுடுங்கோ, சுடுங்கோ. புறாவுக்கும் ஒரு பகிடி வேணும்தானே."

சுட்டேன். எதுவும் விழவில்லை.

அடுத்த செப்டம்பரில், மாதம் பிறந்து பதினாலாம் நாள் காலையில், மறுபடி கிளம்பினோம். இந்தத் தடவை நீளக் குழல், பொடிக் குண்டு, குச்சி எல்லாம் மூன்று முறை சரிபார்த்து எடுத்து வைத்திருந்தேன். ஹைவேயில் முக்கால் மணி நேரம் போன பிறகு அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"புது லைசன்ஸ் எடுத்தாச்சோ அண்ணை?"

"எதுக்கு? போன அக்டோபர்லதானே எடுத்தேன். இன்னும் ஒரு மாசம் கிடக்கே."

"எப்ப எடுத்தாலும் ஆகஸ்ட் முப்பத்தொண்டோட சரி. அதிலயே போட்டிருக்குதே, நீங்கள் பாக்கேல்லையோ?"

பர்ஸிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போட்டிருந்தது. கதவுத் தாழ்ப்பாளை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறவன் நான். வாங்கிய நாளிலிருந்து ஒரு வருஷம் என்று நானே முடிவு செய்துகொண்டு, அந்த ஒரு வரியை மட்டும் படிக்கவில்லை. லைசன்ஸ் இல்லாத பதினாலு நாளும் துப்பாக்கி என் வீட்டில் இருந்திருக்கிறது. இப்போது என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

"வண்டிய நிப்பாட்டுங்க."

"ஹைவேயிலயோ?"

"நிப்பாட்டுங்க தம்பி!"

அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, மாட்டுத் தீவனக் கடை ஒன்றின் முன்னால் நிறுத்தினார். நான் லைசன்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு அவருக்கு எரிச்சல்தான் வந்தது.

"என்ன அண்ணை உது? ஃபோனில ரெண்டு நிமிசத்தில எடுக்கலாம். பிடிச்சாலும் ஃபைன் தானே, கட்டிப்போட்டுப் போறது."

"உங்களுக்கு ஃபைன். எனக்கு ஜெயிலு, அதுக்கப்புறம் ஃப்ளைட்டு. பிள்ளை இங்க இருக்கும், நான் கோவில்பட்டில இருப்பேன்."

என் ஃபோனை வாங்கி அவரே தட்டினார். நடுவில் ஒரு கேள்வி வந்தது: போன சீசனில் எத்தனை புறா சுட்டீர்கள்? என்னைத் திரும்பிப் பார்த்தார். பூஜ்ஜியம் என்று அவரே போட்டுக்கொண்டார். பணம் கட்டினதும் நம்பர் வந்தது. இனிமேல் பயமில்லை, வயலுக்குப் போகலாம் என்றார். எனக்கு முடியவில்லை. இனிமேல் சரி, முடிந்துபோன பதினாலு நாளை எந்த ஃபோனில் தட்டி வாங்குவது? வண்டியைத் திருப்பச் சொன்னேன். "காலமையும் போச்சு, புறாவும் போச்சு" என்று வழி முழுக்க முணுமுணுத்தார். துப்பாக்கியை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

"ரெண்டு பேரலையுமோ?"

"ரெண்டையும். குச்சியையும் சேர்த்து."

மனைவியிடம், வேட்டை எனக்கு ஒத்துவரவில்லை, கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு நிம்மதி. மூன்றே வாரத்தில், க்யூவில் எங்கள் முறைக்கான தேதி வந்துவிட்டது. கிரீன் கார்டுக்கு விண்ணப்பம் போடலாம். தேதி எப்போது வேண்டுமானாலும் பின்னால் போய்விடும், சீக்கிரம் போடுங்கள் என்று எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் கத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, என் படிவத்தில் இருந்த கேள்விகளை அவள் படிக்க, நான் பதில் சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

"இனப்படுகொலை பண்ணிருக்கீங்களா மச்சான்?"

"இல்ல."

"தீவிரவாத இயக்கம் ஏதாச்சும்?"

"இல்ல."

"ஆயுதப் பயிற்சி?" அவளே சிரித்தாள். "அந்த வேட்டை க்ளாஸு கணக்குல வருமா? வந்தாலும் பாஸ் பண்ணது பாப்பாதான்."

சோபாவில் இருந்து மகள், "ஐ டிட் ஆல் தி வொர்க்!" என்றாள்.

"கைது பண்ணாட்டியும், எப்பவாச்சும் ஏதாச்சும் குற்றம் செஞ்சிருக்கீங்களா?" சொல்லிக்கொண்டே அம்புக்குறியை 'நோ'வுக்குக் கொண்டு போய்விட்டாள்.

"கொஞ்சம் நில்லு" என்றேன்.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. தம்பி பிறகு அதைத்தான் கேட்டார், ஏன் வாயைத் திறந்தியள் என்று. ஆனால் அந்தக் கட்டத்தில் அழுத்தப் போவது அவள் கை, அதற்குக் கீழே வருவது என் கையெழுத்து. அதற்குப் பிறகு ஒவ்வொரு பதினோரு மணிக்கும் எனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டேன்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"பதினாலு நாளா?"

"பதினாலு நாள்."

"பதினோரு வருஷம் மச்சான்." குரலை உயர்த்தாமல், "நகைய எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருந்தாக்கூட நாலு நாள் அழுதுட்டு ஆபீஸ் போயிருப்பேன். இதுக்கு என்ன பண்ணுவேன்?" என்றாள்.

எங்கள் விசா வேலையைப் பார்க்கிற வக்கீல் அம்மா ஃபோனில் கத்தவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பச் சொன்னார். படித்துப் பார்த்துவிட்டு எந்தக் கட்டத்தில் என்ன போடுவதென்று சொல்வதாகச் சொன்னார். முதல் வரியில், துப்பாக்கி எதற்காக வாங்கினீர்கள் என்பது வரவேண்டுமாம். நான் தமிழில் எழுத வேண்டும், மனைவி ஆங்கிலத்தில் போட வேண்டும்.

மற்றதையெல்லாம் எழுதிவிட்டேன், அந்த முதல் வரியில்தான் மாட்டிக்கொண்டேன். வீட்டுக் காவலுக்கு என்றால், அப்புறம் வேட்டை லைசன்ஸ் எதற்கு என்பார்கள். வேட்டைக்கு என்றால், ஒரு புறாகூட சுடவில்லையே என்பார்கள். இரண்டுக்கும் என்றால் நான் படிக்கும்போதே நம்பும்படி இல்லை. நாலு தாளைக் கிழித்தேன். எதிரே அவள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஒரு வரி மச்சான். எதுக்கு வாங்குனீங்க?"

"பயந்து வாங்குனேன்."

"அதை எப்படி எழுதுறது?"

"அப்படியே எழுது. வேட்டைன்னு சொன்னாத்தான் வைக்க விடுவாங்கன்னாங்க, அதுக்காகப் புறா சுடப் போனேன், சுட வரலன்னும் எழுது."

லேப்டாப்பைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். பிறகு தட்டினாள். நான் இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்த பதினோரு மணி, அரிசி மூட்டை, சுவரில் விழுந்த பள்ளம் எல்லாம் ஆறே வரியாகிவிட்டது. எதை விட்டாள் என்று கேட்கவில்லை. கேட்டால் கோபப்படுவாள்.

திங்கட்கிழமை அனுப்பினோம். இன்று வியாழன். பதில் இல்லை. அந்தக் குற்றக் கேள்விக்கு எதிரே 'எஸ்', 'நோ' இரண்டு கட்டமும் காலியாக இருக்கிறது. எங்கள் குழுவில் தினமும் யாராவது, போட்டாச்சு போட்டாச்சு என்று எழுதுகிறார்கள். தேதி பின்னால் போவதற்குள் அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆமாம் என்றாவது, இல்லை என்றாவது.