கிப்பரின் கால் படாத கோடைக்காலம்

மேவிஸ் ஓல்ட்ராய்ட் முப்பத்தொரு வருடம் எங்கள் கடலோரச் சாலையில் பஸ் ஓட்டினாள். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். நாங்கள் யாரும் மறுத்ததில்லை, மறுத்தால் தேதிவாரியாக நிரூபிப்பாள். ஓய்வு பெற்ற மறுநாளே நாய்க் காப்பகத்துக்குப் போய், மூன்று மாதமாக யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு சாம்பல் நிற வேட்டைநாயைக் கூட்டிவந்தாள். நீளக் கால், ஒட்டிய வயிறு, எதற்கோ மன்னிப்புக் கேட்க வந்தது போன்ற முகம். வந்த அன்றே சமையல் மேடையிலிருந்த புகைபோட்ட மீனை முள்ளோடு விழுங்கிவிட்டதால் அந்த மீனின் பெயரையே வைத்தாள்: கிப்பர்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் இருவரும் ஒரு கடற்கரைக்குப் போனார்கள். வெயில், மழை, கூதல் காற்று எதுவும் கணக்கில்லை. எந்தக் கரையில் கூழாங்கல் நாயின் பாதத்தை அறுக்கும், எந்தக் கடையில் நாய்க்கும் ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பார்கள், எங்கே மே மாதம் பிறந்ததும் நாய்க்குத் தடைப் பலகை வைப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஃபிளாஸ்க் டீயும் மணல் கடிபடும் சாண்ட்விச்சுமாக அவள் திரும்பி வரும்போது பார்க்க வேண்டும். பட்டாபிஷேகம் முடிந்து வருபவள் மாதிரி இருப்பாள்.

நான் கோனி. தார்ன்சியில் படகுகளை இறக்கும் சிமெண்டுச் சரிவின் தலைப்பில் டீக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு முன்னால் குளிக்கும் கடற்கரை. மே முதல் செப்டம்பர் முடியும்வரை அங்கே நாய் வரக்கூடாது. அதன் தென்கோடியில் குன்றின் மேலே ஏறும் மரப்படிகள். படிகளுக்கு அப்பால், குன்றடியிலேயே கில்பெக் கிராமம் வரை போகும் மணல், அது நாய்களுக்கு வருடம் முழுவதும் உண்டு. குளிர்காலத்தில் குளிக்கும் கரையும் நாய்களுடையதுதான். அக்டோபர் முதல் தேதி காலையில் ஊரிலுள்ள அத்தனை நாயும் சரிவில் வந்து வரிசை கட்டும். அன்றைக்கு எனக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும்.

இதைக் கெடுக்கத்தான் மிஸ்டர் பிக்கர்ஸ்கில் வந்தார். ஓய்வுபெற்ற பல் வைத்தியர். கரையில் நீலக் கதவு போட்ட மரக்குடில் அவருடையது. வருடம் முழுவதும் நாய்க்குத் தடை வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் மனு கொடுத்தார். கோடையிலேயே எவனும் தடையை மதிப்பதில்லை, பிறகு என்ன சலுகை என்பது அவர் வாதம். அவர் சொன்னதில் உண்மை இல்லாமலும் இல்லை.

மேவிஸ் எழுந்தாள். "மிஸ்டர் பிக்கர்ஸ்கில், இந்தக் கோடை முழுக்க நான் காவல் இருக்கேன். ஒரே ஒரு நாயோட ஒரே ஒரு கால் அந்த மணல்ல பட்டாலும், அக்டோபர் கூட்டத்துல உங்க மனுவுக்கு முதல் கை என் கை."

"எழுதி வச்சுக்கலாமா?" என்றார் அவர்.

"எழுதுங்க. பெரிய எழுத்துல எழுதுங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறாளே என்று அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவளா உட்காருவாள்?

மேயிலிருந்து அவள் கரையை ஆண்டாள் என்றே சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் நாயோடு காரிலிருந்து இறங்கும்போதே, "தம்பி, உங்க பிள்ளைக்கு அந்தப் பக்கம் இடம் இருக்கு, வாங்க" என்று கில்பெக் வழியைக் காட்டிவிடுவாள். முறைத்தவர்களிடம் பஸ்ஸில் சீட்டு எடுக்காதவனிடம் பேசும் குரலில் பேசுவாள். பிக்கர்ஸ்கில் குடில் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு, கையில் போனோடு படம் பிடிக்கக் காத்திருந்தார். செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை அவருக்கு ஒரு வால்கூடக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததில் என் பங்கும் உண்டு.

எங்கள் ஊரில் கடல் ஏறி வற்றும் ஓத நேரப் பட்டியல் குளிர்காலக் கடிகாரப்படிதான் அச்சாகும். மார்ச் முதல் அக்டோபர் வரை அரசாங்கமே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பதால், பட்டியலில் உள்ள நேரத்தோடு மனதுக்குள் ஒரு மணியைக் கூட்டிக்கொள்வோம். மீன்பிடிக்கிறவர், நாய் வைத்திருப்பவர் யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வருடம் வெளியூர்க் குடும்பம் ஒன்று கூட்டத் தெரியாமல் நேரம் பிசகி மணலில் இறங்கிவிட்டது. அதனால் இந்த வருடம் நான் புதிதாக ஓர் அட்டை அச்சடித்துக் கடையில் தொங்கவிட்டேன். அதில் அந்த ஒரு மணியை நானே கூட்டிவிட்டேன். அப்படிச் செய்ததை அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தேன்.

மேவிஸ் பழைய பட்டியலைத் தொலைத்துவிட்டு அந்த ஞாயிறு காலையில் என் அட்டையைப் பார்த்தாள். கண்ணாடி போட மாட்டாள், அது வேறு கௌரவம். கடல் முழுதும் வற்றும் நேரம் பதினொன்று நாற்பது என்று இருந்தது. பழக்கதோஷம், ஒரு மணியைக் கூட்டிக்கொண்டாள். பன்னிரண்டு நாற்பது என்ற தெம்பில் பஸ் பிடித்துக் கில்பெக் போய், ஆற அமர மீனும் சிப்ஸும் தின்று, குன்றடி மணல் வழியாகக் கிப்பரோடு நடந்து வந்தாள். பௌர்ணமிக்கு மறுநாள், கடல் உயர ஏறும் நாள். கடல் அவளுக்கு ஒரு மணி நேரம் முந்திக்கொண்டது.

இரண்டு மணிக்கு அவள் மரப்படிகளுக்கு வந்தபோது படிகளின் பாதி தண்ணீருக்குள், ஏற வழியில்லை. அலை குன்றில் மோதிச் சிதறியது. பின்னால் வந்த வழியும் மூடிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் கிப்பரை இழுத்துக்கொண்டு கடைசிப் பாறையைச் சுற்றி வந்தாள். முன்னால் காய்ந்து கிடந்த ஒரே மணல், குளிக்கும் கரை. வெயில் நாள், குழந்தையும் குட்டியுமாக நூறு பேர். நீலக் கதவு முன்னால் பிக்கர்ஸ்கில்.

மேவிஸ் நின்றாள். பிறகு குனிந்து, இருபத்தெட்டுக் கிலோ நாயை ஆட்டுக்குட்டி மாதிரி தோளில் சுமந்துகொண்டு மணலில் கால் வைத்தாள். அவளுக்கு வயது அறுபத்துநான்கு. சரிவு முந்நூறு கெஜ தூரத்தில் இருந்தது.

நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

"குடுடி ஒரு பக்கம், நான் புடிக்கிறேன்."

"தொடாத கோனி. ஆட்டினா துள்ளுவான்." அவள் மூச்சு சீறியது. "டேய் கிப்பர், ஆடாம இரு ராசா. அங்க யாரோ சிப்ஸ் திங்கிறாங்க, நீ பாக்காத."

அவன் பார்த்தான். பார்த்துத் துள்ளினான். கரையே எழுந்து நின்றது. பிக்கர்ஸ்கில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்தார். பார்வை முழுக்கக் கிப்பரின் நான்கு பாதத்திலும். பாதி வழியில், காற்றுக்கு மறைப்பாகக் கோடுபோட்ட துணி கட்டியிருந்த ஓரிடத்தில், மேவிஸின் முழங்கால் மடங்கியது. மண்டியிட்டாள். நாயை விடவில்லை. ஆனால் அதன் பின்னங்கால் ஒன்று நீண்டு மணலில் பதிந்து எழுந்ததை நான் பார்த்தேன். துணிக்கு அந்தப் பக்கம் நின்ற பிக்கர்ஸ்கிலுக்கு அது தெரிய வழியில்லை.

எழுந்தாள். மிச்ச தூரத்தையும் நடந்தாள். சிமெண்டில் கிப்பரை இறக்கிவிட்டபோது கரை கைதட்டியது. பிக்கர்ஸ்கில் போனைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் பாத்தேன், மிஸஸ் ஓல்ட்ராய்ட். ஒரு கால்கூடப் படல. ஒத்துக்கறேன்."

மேவிஸ் முகத்தில் ஈயாடவில்லை. மூச்சு வாங்குகிறது போல என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மாலையில் கூட்டம் கலைந்ததும் கடைக்கு வந்தாள். "அட்டையில நீயே கூட்டிட்டியாமே."

"கீழ போட்டிருக்கேனே. ஆனாலும் தப்பு என்னோடதுதாண்டி."

"டைம் டேபிளை ஒழுங்காப் படிக்காதவ பஸ்ஸைக் குத்தம் சொல்லக்கூடாது." டீயை ஊதினாள். "நீ பாத்த, இல்ல?"

"எத?"

"கோனி."

"நான் எதையும் பாக்கல. நீயும் பாக்கல. ஊர்ல அறுபது நாய் இருக்கு மேவிஸ், அதுங்க பொழப்புல மண்ணைப் போடாத."

கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பத்து நாள் அவள் அக்டோபரைப் பற்றிப் பேசவில்லை. நான் நிம்மதியானேன். எனக்கு அவளைத் தெரிந்த லட்சணம் அவ்வளவுதான்.

ஊர்க்கூட்டத்தில் உட்கார இடமில்லை. தலைவர் மனுவைப் படித்தார். கோடையில் தடை மீறியதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்டார். பிக்கர்ஸ்கில் இல்லையென்று தலையாட்டினார். கூடம் சிரிக்கத் தொடங்கியது. மேவிஸ் எழுந்தாள்.

"ஒண்ணு உண்டு. என் நாய்தான். காத்துத் துணிக்குப் பின்னால, வலது பின்னங்கால். மிஸ்டர் பிக்கர்ஸ்கில் நின்ன எடத்துலருந்து தெரியாது."

சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. "வாய மூடிட்டு இருக்கக்கூடாதா, பொம்பள" என்று பின்வரிசையில் ஒருவன் அழாத குறையாகச் சொன்னான். எனக்கும் ஆத்திரம்தான், அடக்க முடியாத ஆத்திரம். அதோடு கூடவே, இவள் என் சிநேகிதி என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போலவும் இருந்தது.

"மனுவை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்" என்றார் தலைவர்.

மேவிஸ் கையைத் தூக்கினாள். பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுகிறவள் மாதிரி, முழு நீளத்துக்கு. அவளுக்குப் பின்னால் குடில்காரர்கள் பக்கம் பதினைந்து கைகள் பாதி எழுந்து, பிக்கர்ஸ்கிலைப் பார்த்து நின்றன. அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"மிஸ்டர் பிக்கர்ஸ்கில்? மனு உங்களுடையது."

"தெரியும்" என்றார். கைகள் வெளியே வரவில்லை. பாதி எழுந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் மேவிஸின் கை மட்டும் நின்றது. தலைவர் ஒன்று என்று எண்ணி எழுதிக்கொண்டார். மனு தோற்றது.

வாசலில் கிப்பரைத் தூணில் கட்டியிருந்தாள். மேவிஸ் முடிச்சை அவிழ்க்கும்போது பிக்கர்ஸ்கில் பின்னாலேயே வந்து நின்றார்.

"நான்தான் பாக்கலயே. எதுக்குச் சொன்னீங்க?"

"நான் அங்கதானே இருந்தேன்" என்றாள் மேவிஸ்.

அவர் குனிந்து, முதல் தடவையாக, கிப்பரின் தலையில் கை வைத்தார்.