கடலுக்கடியில் சத்தமில்லாமல் கேட்ட துஆ

என் கையிலிருந்த நங்கூரக் கயிறு தளர்ந்தது.

அதுவரை விறைப்பாக நின்ற கயிறு அது. அதன் மேல் முனையில் படகு இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில்தான் கடலுக்கடியில், மூன்று ஆள் ஆழத்தில், மணலில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தேன். அது சுருள் சுருளாகக் கீழே இறங்கி என் தோளிலும் கழுத்திலும் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். கலங்கல் மட்டும்தான் தெரிந்தது. படகு போய்விட்டது என்று புரிந்தது. என்னைக் கூட்டி வந்த மச்சானையும் காணவில்லை. எனக்கு நீச்சல் தெரியும், ஆனால் அது கிணற்று நீச்சல். இனி நான் என் பிள்ளை முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்று நினைத்தேன்.

சகோதரர்களே, நான் பேச்சாளன் அல்ல. நெய்வேலி சுரங்கத்தில் பம்ப் பிரிவில் ஷிப்ட் பார்க்கிறவன். பெயர் ஜமால். நடந்ததை அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எனக்குத் தண்ணீர் என்றால் எப்போதும் ஒரு பயம் உண்டு. எங்கள் வேலையே அப்படி. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் நெருக்கிக்கொண்டு நிற்கும். அது மேலே பொங்காமல் இருக்க, பம்புகள் ராத்திரி பகல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் படுத்திருக்கும்போதுகூட அந்த பம்ப் சத்தம் காதில் இருக்கும். காலடியில் இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற நினைப்பு என்னை விட்டுப் போனதே இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். வேலை பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்து, மே மாதத்தில் முதல்முறையாக நீண்ட லீவு போட்டேன். மனைவி மைமூனையும் நான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு கீழக்கரைக்குப் போனேன். அது மைமூனின் பிறந்த ஊர். அவள் வாப்பா நெய்வேலிக்கு வந்து மந்தாரக்குப்பத்தில் கடை வைத்திருந்த காலத்தில்தான் எங்களுக்குச் சம்பந்தம் ஆனது. அவளுடைய அண்ணன் சாகுல் மச்சான் வளைகுடா நாட்டில் எண்ணெய்க் கிணறுகளில் கடலுக்கடியில் வேலை செய்கிறவர். அவரும் அப்போது லீவில் வந்திருந்தார். வரும்போது முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர்கள், அதிலிருந்து வாயில் கடித்துக் காற்று இழுக்கும் ரப்பர் குழாய்கள், முகக் கண்ணாடிகள், காலில் மாட்டும் ரப்பர் துடுப்புகள் என்று இரண்டு ஆளுக்கான சாமான் கொண்டுவந்திருந்தார். இதற்கு ஸ்கூபா என்று பெயர் என்றார். தூத்துக்குடியில் தெரிந்தவர் ஒருவரிடம் சிலிண்டரில் காற்றும் அடைத்து வைத்திருந்தார்.

போன அன்றே ஆரம்பித்துவிட்டார். தீவுப் பக்கம் பவளப் பாறை இருக்கிறது, ஒரு தடவை பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது, குழந்தைகூட இறங்கலாம் என்றார். நான் ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தேன். காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். மச்சான் அன்பான மனிதர். தனக்குத் தெரிந்த நல்லதை எனக்கும் காட்ட வேண்டும் என்று துடித்தார். அவர் முகத்துக்காகச் சரி என்றேன். அந்த இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை, மோட்டார் வைத்த ஒரு வள்ளத்தில் மூன்று பேர் போனோம். நான், மச்சான், படகுக்காரர். தீவுக்கு அருகே நங்கூரம் போட்டார்கள். மிதக்காமல் கீழே இறங்க, இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட்டைக் கட்டிவிட்டார்கள். மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மாப்ள, மூணே விஷயம். மூச்ச அடக்காதீங்க, விட்டு விட்டு இழுங்க. பயந்துக்கிட்டு விருட்டுன்னு மேல வந்துராதீங்க, நுரையீரல் கிழிஞ்சிரும். காத்து இழுக்க கனமா இருந்துச்சுன்னா, சிலிண்டர் பக்கத்துல இந்தக் கம்பி இருக்குல்ல, இதக் கீழ இழுங்க, இன்னுங் கொஞ்சம் காத்து வரும்."

நுரையீரல் கிழிந்துவிடும் என்பது மட்டும்தான் என் மண்டையில் நின்றது.

இறங்கினோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டே என்னைக் கீழே கொண்டுபோனார். காது வலித்தது. என் மூச்சுச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது. அடியில் மணல் வெள்ளையாக இருந்தது. பாறை இருந்தது, மஞ்சளும் நீலமுமாக மீன்கள் இருந்தன. அழகுதான். ஆனால் நான் அதில் பாதியைத்தான் பார்த்தேன். மீதி நேரமெல்லாம் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் என்னைப் பார்த்துக் கைகாட்டினார். நீ இங்கேயே இரு, அந்தப் பாறைக்குப் பின்னால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அர்த்தம். போனார்.

அவர் போன சற்று நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறியது. ஒரு பக்கத்திலிருந்து புகை வருவதுபோலக் கலங்கல் வந்தது. பாறை மறைந்தது. மீன் மறைந்தது. நீட்டிய என் கையே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. நீரோட்டம் என்னைப் பக்கவாட்டில் தள்ளியது. இரண்டு கையாலும் கயிற்றைக் கட்டிக்கொண்டேன். மச்சான் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பயத்தில் மூச்சு வேகமாகப் போனது. அப்போது தலைக்குள்ளேயே கேட்பதுபோல மோட்டார் சத்தம் கேட்டது. பிறகு அது தூரமாகத் தேய்ந்தது. அதன் பிறகுதான் கயிறு என் மேல் விழுந்தது.

மேலே நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரியும். நீரோட்டம் மச்சானை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் வெகுதூரத்தில் மேலே வந்து கையை ஆட்டியிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்துதான் அடித்துச் செல்லப்பட்டிருக்கிறோம் என்று நினைத்த படகுக்காரர், நங்கூரத்தை இழுக்க நேரமில்லாமல் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு அவரைப் பிடிக்க ஓட்டியிருக்கிறார். கீழே ஒருவன் அந்தக் கயிற்றை நம்பி உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியவில்லை.

அப்போது மூச்சு கனத்தது. உறிஞ்சினேன். காற்று நூல் மாதிரி வந்தது. மறுபடியும் உறிஞ்சினேன். அதற்கும் குறைவாக வந்தது.

சாகப்போகிறோம் என்றால் கலிமா சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொல்ல வாயெடுத்தேன். வாய் நிறைய ரப்பர். நாக்கை அசைத்தால் அது நழுவுகிறது, உப்புத்தண்ணீர் உள்ளே வருகிறது. அதைப் பல்லால் கடித்துக்கொண்டால்தான் உயிர். வாயைத் திறந்தால் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லும் முன்பே தண்ணீர் நிரம்பிவிடும். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பயம் சாவைப் பற்றிய பயம் மட்டும் அல்ல. அவன் பெயரைச் சொல்லாமலே போய்விடுவேனோ என்று பயந்தேன். முகக் கண்ணாடிக்குள் அழுதேன்.

வேறு வழி இல்லாமல் உள்ளுக்குள்ளே கேட்டேன். அரபியில் ஓதிய துஆ ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எங்கள் வீட்டுத் தமிழில்தான் கேட்டேன். யா அல்லாஹ், என் வாய் அடைபட்டுக் கிடக்கிறது, நான் இங்கே இருக்கிறேன், உனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. இவ்வளவுதான். இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பயம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். போகவில்லை. ஆனால் பயத்துக்கு நடுவில் ஓர் ஊசிமுனை அளவு இடம் கிடைத்தது. அந்த இடத்தில் மச்சான் சொன்ன கம்பி ஞாபகத்துக்கு வந்தது. கையைப் பின்னால் விட்டுத் தடவினேன். அகப்படவில்லை. மறுபடி தடவினேன். விரலில் பட்டது. கீழே இழுத்தேன். காற்று வந்தது. அந்த ஒரு மூச்சை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஆனாலும் மேலே போக எனக்குத் துணிவில்லை. நுரையீரல் கிழிந்துவிடும் என்ற சொல் என்னை மணலோடு சேர்த்து அழுத்திவிட்டது. இந்தக் காற்றும் தீர்ந்துவிடும் என்று தெரிந்தும் அசையாமல் இருந்தேன்.

அப்போது கலங்கலுக்குள் மேலேயிருந்து ஓர் உருவம் இறங்கியது. தலை கீழாக வந்தது. துணி அதைச் சுற்றி விரிந்து பறந்தது. பாதம் இரண்டும் தகடு மாதிரிப் பளபளத்தன. உயிரை வாங்க வரும் வானவர், மலக்கு என்றே நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. விரல்களில் துணி சுற்றியிருந்தது. மனிதக் கை. கண்ணைத் திறந்தேன். சேலையை வரிந்து கட்டி, மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண். அவள் முதுகில் சிலிண்டர் எதுவும் இல்லை, ஒரே மூச்சில் இறங்கியிருக்கிறாள். அவள் மேலே காட்டினாள். நான் தலையை ஆட்டினேன், வரமாட்டேன் என்று. அவள் என்னை இழுத்தாள். கால் தரையை விட்டு எழுந்தது. மூச்சை விட்டுக்கொண்டே, அழுதுகொண்டே, அவள் கையைப் பற்றியபடி மேலே வந்தேன்.

வெயில் முகத்தில் அடித்தது. வாயிலிருந்ததைத் துப்பினேன். ஈயம் என்னை மறுபடியும் கீழே இழுத்தது. அவளும் என்னோடு சேர்ந்து அமிழ்ந்தாள். பெல்ட்டைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள், அவளுக்கு அதைக் கழற்றும் விதம் தெரியவில்லை. எனக்கும் கை ஓடவில்லை. எப்படியோ கொக்கி விடுபட்டது, பெல்ட் கீழே போனது. அதற்குள் அவளோடு வந்த பெண்கள் வள்ளத்தைக் கிட்டே கொண்டுவந்துவிட்டார்கள். என்னை மீன் வலையை ஏற்றுவதுபோல ஏற்றிப்போட்டார்கள்.

அவர்கள் கடற்பாசி எடுக்கிறவர்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணியும் காலில் அலுமினியத் தகடும் கட்டியிருந்தார்கள். என்னைத் தூக்கியவள் பெயர் ராக்கம்மாள். எனக்குப் பேச்சு வந்ததும், எப்படியம்மா என்னைப் பார்த்தாய் என்று கேட்டேன்.

"குமிழி குமிழியா பொங்குச்சுண்ணே. என்னமோ ஏதோன்னு முங்கிப் பாத்தேன். நாங்க இந்தப் பக்கமே வர்றவுக இல்ல. அங்கிட்டு எங்க எடத்துல கலங்கல் வந்து கண்ணு தெரியல. அதுக்கு முன்னால ஓடியாந்தோம், அதுவும் பின்னாலயே வந்துருச்சு."

சகோதரர்களே, இதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எந்தக் கலங்கலைப் பார்த்து நான் என் கதை முடிந்தது என்று நினைத்தேனோ, அதே கலங்கல்தான் அவளை என் தலைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. நான் கேட்பதற்கு முன்பே அவன் அனுப்பிவிட்டான்.

மச்சானோடு படகு திரும்பி வந்தது. நான் வேறு வள்ளத்தில் உட்கார்ந்திருப்பதை மச்சான் பார்த்தார். இந்த வள்ளத்துக்குத் தாவி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். படகுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் மைமூன் என்னைத் துடைத்துவிட்டபடியே சொன்னாள். "எனக்கு ஒரு சகுனமும் தட்டலங்க. நீங்க அங்க கெடந்த நேரத்துல நான் பாட்டுக்கு மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்." அதைச் சொல்லித்தான் அதிகமாக அழுதாள். ஆம், எனக்காக அந்த நேரத்தில் யாரும் துஆ கேட்கவில்லை. நான் கேட்டது ஒன்றுதான். அதற்கும் சத்தம் இல்லை.

நெய்வேலிக்குத் திரும்பிய பிறகும் பல நாள் பயம் விடவில்லை. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் மூச்சு கனக்கும். முதல் ஷிப்ட்டில் சுரங்கத்துக்குள் இறங்கும்போது, கயிறு தோளில் விழுவதுபோலவே இருந்தது. அப்போதெல்லாம் கடலுக்கடியில் கேட்டதுபோலவே கேட்டேன், வாய் திறக்காமல். பம்ப் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. அதற்கு முன்பு எனக்குத் தொழுகை என்பது நேரம் கிடைத்தால், ஆள் பார்த்தால் என்றிருந்தது. இப்போது எந்த ஷிப்ட்டாக இருந்தாலும் விடுவதில்லை. ஒவ்வொரு வருடமும் கீழக்கரைக்குப் போகும்போது ராக்கம்மாள் வீட்டுக்குப் போகிறோம். என் மகள் அவளை அத்தை என்று கூப்பிடுகிறாள்.

இதையெல்லாம் நான் வெளியில் சொன்னதில்லை. சொல்ல வைத்தவர் நம் காதர் பாய். நம் மந்தாரக்குப்பம் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கைச் சொல்லி வந்தவர், உங்கள் எல்லோருக்கும் தெரியும். பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். வாசலிலேயே அவர் மனைவி என்னை நிறுத்தினார்.

"மருந்து கொடுக்கறாங்க, சாப்படறாருங்க. ஆனா அல்லான்னு சொல்ல வாய் வரலியேன்னு அழுதுகினே கெடக்கறாருங்க. இன்னா சொல்லித் தேத்தறதுன்னு எனக்குத் தெரியல."

நான் உள்ளே போய் அவர் படுக்கையில் உட்கார்ந்தேன். கயிறு, ரப்பர், கலங்கல், எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். அவர் கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லி முடித்ததும் நல்ல கையால் என் கையைப் பிடித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அழுகை நின்றிருந்தது. அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் உள்ளுக்குள்ளேயே கேட்டோம்.

அல்ஹம்துலில்லாஹ். உங்களில் யாருக்கு இப்போது என்ன இக்கட்டு என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். எனக்கு இன்றைக்கும் தண்ணீர் என்றால் பயம்தான். அதனால் ஒன்று சொல்கிறேன். பயம் தெளியட்டும், பிறகு நல்லபடியாக உட்கார்ந்து கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே கேளுங்கள்.