சொந்த நடை

அன்று தலைமையாசிரியையின் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியை. அவர் பக்கத்தில் நின்றபடி தமிழ் டீச்சர். மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும். கதவோரம் மணி அடிக்கும் ஆயாம்மா. மேசைமேல் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் என் அரையாண்டுத் தமிழ் விடைத்தாள். மின்விசிறிக் காற்றில் அதன் ஒரு மூலை எழுவதும் படிவதுமாக இருந்தது. நான் அந்த மூலையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்பதாம் வகுப்பு. அம்மாவுக்குத் திருவொற்றியூரில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. பாதி ஷிப்டில் சொல்லிவிட்டு நேராக வந்திருந்தாள். தலையில் மாட்டும் வலைக்குல்லாயின் எலாஸ்டிக் தடம் நெற்றியில் சிவந்து கிடந்தது.

தமிழ் டீச்சரை எனக்குப் பிடிக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றது எதுவும் விளங்காது. ஒரு கட்டுரையைச் சுருக்கி எழுதுவதை அவர்போல் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். முழுதாகப் படி. இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று படுவதை அடித்துவிடு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதே. எழுதியவர் சொல்லாததை நீ சேர்க்காதே. "அப்புறம் கட்டுரைய மறந்துடுங்க. வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டு அக்கா, என்னடி படிச்சேன்னு கேக்கறாங்க. என்ன சொல்வீங்களோ அத எழுதுங்க. அதுதான் சொந்த நடை" என்பார். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பிள்ளை நான். மனப்பாடம் செய்தது பாதியில் நின்றுவிடுமோ என்று பயந்தே மறந்துபோவேன். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பயமில்லை. மறப்பதற்கு அதில் ஒன்றும் கிடையாது. ஆனால் வகுப்பில் விடையை எப்போதும் டீச்சரே கரும்பலகையில் எழுதிவிடுவார். நானாக எழுதியது அந்தப் பரீட்சையில்தான் முதல் முறை.

வந்தது கடலைப் பற்றிய கட்டுரை. கடல் ஒரு தாய், ஆலைக் கழிவு அவள் மடியில் இடும் நஞ்சு என்று ஒரு பக்கத்துக்கு இருந்தது. நான் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவை நினைத்துக்கொண்டேன். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கிறாள். அவளிடம் மனசுக்குள் சொன்னேன். சொன்னதை எழுதினேன்.

டீச்சர் விடைத்தாளை எடுத்து உரக்க வாசித்தார். "கடலு தான் நம்ப எல்லாருக்கும் சோறு போட்டுகினு கீது. கம்பெனி தண்ணிய அதுல வுட்டு கலீஜ் பண்ணாதீங்கோ. அது பேஜாராயிட்சின்னா நம்ப வூட்ல அடுப்பு எரியாது."

தலைமையாசிரியை கைக்குட்டையை வாயருகே கொண்டுபோனார். வீட்டில் இதே பேச்சைப் பேசுகிற ஆயாம்மா, முகத்தைத் திருப்பி வராந்தாவைப் பார்த்தார்.

"தமிழையே கேலி பண்றா மேடம். வேணும்னே எழுதியிருக்கா" என்றார் டீச்சர்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அதுல இன்னா டீச்சர் தப்பு கீது? கடல கலீஜ் பண்ணாதன்னு தான சொல்லிக்கீது. எனக்கே புரியுதே!" என்றாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"பாருங்க மேடம், வீட்லயே இப்படித்தான்" என்றார் டீச்சர். தலைமையாசிரியை இப்போது வாய்விட்டே சிரித்தார்.

அம்மாவின் கை நெற்றிக்குப் போய் அந்தத் தடத்தைத் தேய்த்தது. தேய்த்துக்கொண்டே இருந்தது. 'நீங்கதானே டீச்சர் பக்கத்து வீட்டு அக்கான்னு சொன்னீங்க' என்று நான் கேட்டிருக்கலாம். கேள்வி நாக்கு நுனியில் நின்றது. அதை எந்த நடையில் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

"உங்க பொண்ணுக்குப் படிப்பு வராதும்மா. வேற வழி பாருங்க" என்றார் டீச்சர். அவ்வளவு வருஷம் நான் படித்ததை ஒரே வரியில் சுருக்கிவிட்டார். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நான் சொல்லாததையும் சேர்த்திருந்தார்.

அம்மாவோடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பை உதறிவிட்டு, "நீ எழுதுனதுக்கு என்னப் பாத்து இளிக்கறாளுங்கோ. போதும்டி உன் படிப்பு" என்றாள். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வேலைக்குச் சேரும் வயது வரும்வரை தம்பியைப் பார்த்துக்கொண்டேன். பிறகு அதே கம்பெனி, அதே குல்லாய்.

டீச்சர் சொன்ன அந்தப் பக்கத்து வீட்டு அக்கா யாராக இருக்கும் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். டீச்சர் எங்கிருந்தோ ரயிலில் வருவார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் வேறு மாதிரி அக்கா இருந்திருப்பாள். எங்களுக்கும் ஒரு பக்கத்து வீடு உண்டு என்பது அவர் ஞாபகத்தில் இல்லை. இன்றைக்கும் பேங்க் வரிசையில் நிற்கும்போது, கவுண்டரில் சொல்ல வேண்டியதை மனசுக்குள் எழுதி எழுதி அழிக்கிறேன். என் முறை வரும்போது வாயில் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

போன வாரம் மகள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டாவது படிக்கிறாள். "சொந்த நடைல சுருக்கி எழுதணுமாம். சொந்த நடைன்னா இன்னாம்மா?" என்றாள். எட்டிப் பார்த்தேன். முதல் வரியிலேயே 'கீது' என்று இருந்தது.

"உங்க டீச்சர் பேசற மாதிரி எழுதறது" என்றேன்.

"அது டீச்சர் நடை தான? நம்பளுது எப்டி ஆவும்?" என்று சிரித்தாள்.

"வாயாடாத. அழிச்சிட்டு எழுது."

அவள் ரப்பரை எடுத்து அழித்தாள். காற்றில் தாளின் மூலை எழுந்தது. அவளுக்குத் தோதாக, அதை நான் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.