இரண்டு பட்டியலிலும் இருந்த பெயர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாக யோசித்தேன். சாமி காரியத்தில் நான் செய்த தப்பு இது. போன வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் நின்றபோதுதான் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கிள்ளானில் எங்கள் கோயில் ஆபீசில் பெயர்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. நான் பள்ளியில் படித்தது படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு வரைதான். பட்டியல்கள் இரண்டு. பௌர்ணமி அர்ச்சனையில் குருக்கள் வாசிப்பது உயிரோடு இருப்பவர்களின் பெயர், நட்சத்திரம். அமாவாசை மோட்ச தீபம் இறந்தவர்களுக்கு.

கோயிலுக்குப் புதுக் கணினி வந்தபோது இரண்டு பட்டியலையும் ஒரே கோப்பாக்கி, ஒவ்வொருவரும் அர்ச்சனையா தீபமா என்று குறித்துத் தரச் சொன்னார்கள். பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் புரோகிராம் எழுதும் என் மகள், ஒரு சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து செய்தாள். பழைய கோப்பு எக்ஸ்எம்எல். பெட்டிக்குள் பெட்டி: குடும்பம், அதற்குள் ஆள், அதற்குள் பெயரும் நட்சத்திரமும். அவள் எழுதியது ஹாஸ்கல் என்ற கணினி மொழியில்.

"இது பழசத் தொடாதும்மா. படிச்சிட்டு புதுசா ஒண்ணு செஞ்சு குடுக்கும்."

"பழசு அழிஞ்சிடாதே?"

"அப்படியே இருக்கும் லா. தள்ளி உக்காரு, மூச்சு முட்டுது."

அர்ச்சனையில் மட்டும் இருப்பவர், தீபத்தில் மட்டும் இருப்பவர், இரண்டிலும் இருப்பவர். மூன்றுக்கும் என்ன செய்வது என்று எழுதாவிட்டால் அந்த மொழி குறை சொல்லிக்கொண்டே இருக்குமாம்.

"ரெண்டுலயும் யாரு இருக்கப் போறா?" என்று சிரித்துக்கொண்டே, அப்படி யாராவது வந்தால் பெயரைக் காட்டிவிட்டு நிற்கும்படி எழுதினாள். ஓட்டினாள்.

ஒரு பெயர் வந்து நின்றது. அவள் அப்பா பெயர்.

அவர் இறந்து அப்போது நாலு வருடம். தீபப் பட்டியலில் ஏற்றியவள் நான்தான். அர்ச்சனையிலிருந்து எடுக்கவில்லை. மாதாமாதம் என் பெயருக்கு முன்னால் அவர் பெயரையும் சுவாதி நட்சத்திரத்தையும் கேட்டுவிட்டு வருவேன்.

"அம்மா, டைப்பிங் மிஸ்டேக்கா?"

"இல்ல."

"நாலு வருஷமா குருக்கள் அப்பாவுக்கு ஆயுசு கேட்டுக்கிட்டு இருக்காரா?"

"ஆமா."

"அப்பா காதுல விழுந்திருந்தா சிரிச்சிருப்பாரு."

"உயிரோட இருந்தப்பவே கோயில் பக்கம் வந்ததில்ல. எங்க காதுல விழுறது?"

அவள் சிரிக்கவில்லை. "எதுல போடட்டும்? நீதான் சொல்லணும். நானா போட மாட்டேன்."

சாமி அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். என் ஆசைக்காகப் போனவரைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறேன் என்று பட்டது. திரும்பி வந்து, "தீபத்துல போடு" என்றேன். ஒரு வரி தட்டினாள். வேலை முடிந்தது.

அந்தப் பௌர்ணமியில் எங்கள் குடும்பத்தை என் பெயரிலிருந்து தொடங்கினார் குருக்கள். அடுத்து மகள் பெயர். பிறகு வேறு குடும்பம்.

பழைய கோப்பு இன்னும் ஆபீஸ் கணினியில் இருக்கிறது. அதில் அவர் இரண்டு பட்டியலிலும் இருக்கிறார். நான் அதைத் திறப்பதில்லை.

இதை வேறு யாரிடமாவது சொன்னால், இருக்கிறபடியே சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு, பாவம் மறந்துபோய் விட்டுவிட்டாள் என்று மாற்ற வேண்டாம். நான் மறக்கவில்லை, தெரிந்துதான் விட்டேன்.