நிக்கல் குடிக்கும் செடிகள்

நிக்கல் சுரங்கத்தில் அத்தைக்குச் செடி வளர்க்கும் வேலை. மாமா அங்கேயே டம்பர் லாரி ஓட்டுகிறார். அவருடைய வண்டிச் சக்கரம் எங்கள் வீட்டு வாசலைவிட உயரம். பேட்டரி செய்வதற்காக மலையை வெட்டி அவர் அள்ளிவரும் மண்ணில் நூற்றுக்கு ஒரு பங்குதான் நிக்கல். மிச்சமெல்லாம் கழிவு. அதைக் கொட்டிய இடத்தில் புல்கூட எட்டிப் பார்க்காது.

அப்படி ஒரு சரிவில்தான் அத்தையின் செடிகள் நின்றன. கழிவு மண்ணில் மிஞ்சியிருக்கும் நிக்கலை வேரால் உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் குறுஞ்செடி. கம்பெனி எங்கிருந்தோ வரவழைத்து, வளர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. முதன்முதலில் கிளையை ஒடித்தபோது சாறு பெயிண்ட் போல நீலப்பச்சையாக வடிந்தது. நோய் என்று நினைத்து அத்தை ஒரு வரிசையையே பிடுங்கிப் போட்டுவிட்டார். அதைச் சொல்லிச் சிரிக்காமல் மாமாவுக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த வருடம் மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். செடிகளை அறுத்து எரிக்க வேண்டும். சாம்பலில் சொல்லிக்கொள்ளும்படி உலோகம் இல்லையென்றால், சரிவில் மறுபடியும் கழிவுதான். கொட்ட வேண்டியவர் மாமா.

"என் கையாலயே மூடணும்னு இருக்கு போல."

"உங்க கை எதை விட்டு வெச்சுது?" என்றார் அத்தை.

அறுவடைக்கு நானும் போயிருந்தேன். ஆய்வுக்கூடத்துப் பெண் மருந்து தடவிய வெள்ளைத் தாள் ஒன்றைத் தந்து, ஓர் இலையைக் கசக்கி அதில் அழுத்தச் சொன்னாள். அழுத்திய இடத்தில் ரோஜா நிறம் மெல்லப் பரவியது.

"அதான் நிக்கல்," என்றாள்.

தாளைக் கீழே வைக்க மனம் வரவில்லை. பாறைக்குள் கிடந்தது இலைக்குள் வந்திருக்கிறது. வெடி வைக்கவில்லை, புழுதி பறக்கவில்லை. வெயிலில் சும்மா நின்றுகொண்டே ஒரு செடி இதைச் செய்திருக்கிறது. பக்கத்திலேயே பள்ளம், மலை இருந்த இடம், அடி தெரியாமல் வாய் பிளந்து கிடந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

அத்தை ஒவ்வொரு செடியிலும் அடியில் ஒரு சாண் விட்டு அறுத்தார். கழிவு கொட்டி மூடாமல் விட்டால் மறுபடி துளிர்க்குமாம்.

காயவைத்து எரித்ததில் ஒரு பீப்பாய் சாம்பல் கிடைத்தது. ஆய்வுக்கூடத்துப் பெண் சோதித்துவிட்டுச் சாப்பாட்டு இடைவேளையில் எங்களைத் தேடி வந்தாள்.

"அஞ்சுல ஒரு பங்கு நிக்கல் அக்கா."

அத்தை உட்கார்ந்துவிட்டார். மாமா பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தார், கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கில் சாம்பல் ஒழுகி முடிந்தது.

"நான் அள்ளுறதுல நூத்துல ஒண்ணுதான்," என்றார் கடைசியில். பிறகு அவருடைய வழக்கமான குரல் திரும்பிவிட்டது. "ஆனா என் ஒரு நடைக்கு ஈடு கட்ட, இந்த மாதிரி எத்தனை சரிவு வேணும் தெரியுமா?"

"நிறைய வேணும். அதனாலதான் இருக்கறதை மூடாதீங்கன்றேன்."

மேலாளர் சரிவை விட்டுவைத்தார். கழிவை இனி வடக்கு ஓரத்தில் கொட்டச் சொன்னார். மறுநாள் மாமாவின் டம்பர் பழக்க தோஷத்தில் சரிவின் விளிம்புவரை வந்து நின்றது. அப்புறம் பின்னால் நகர்ந்து, முனகிக்கொண்டே திரும்பியது.

"எனக்குத்தான் இப்ப ரெண்டு மடங்கு சுத்து," என்று மேலிருந்து கத்தினார்.

"சுத்திட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு, அத்தை அடிக்கட்டைகளுக்குத் தண்ணீர் விடப் போனார்.