சோஃபி விற்ற வெந்நீர்க் குளம்

ரிஹேமும் நானும் தலைநகர் துனிஸில் ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள். அவள் தெற்கே கெபிலிப் பக்கத்துப் பெண். அங்கே பேரீச்சந்தோப்பு விட்டால் மணல், மணல் விட்டால் பேரீச்சந்தோப்பு. நான் கஸ்ரீன்காரி. மனூபா பல்கலைக்கழகத்தில் அவள் பிரெஞ்சு இலக்கியம் படித்தாள், நான் வரலாறு படித்தேன். விடுதியில் எங்கள் காலம் முடிந்து வெளியே அனுப்பிய பிறகு, பார்தோ பகுதியில் ஒரு மாடி வீட்டைப் பிடித்தோம். மழை பெய்தால் சமையலறைச் சுவர் ஈரம் கோத்துக்கொண்டு, தொட்டால் சுண்ணாம்பு கையோடு வரும்.

உதவித்தொகை எப்போதும்போல் தாமதமாகத்தான் வரும். அவளுடைய அப்பா பள்ளிக்கூடக் காவலாளி. அவளுக்குப் பின்னால் இரண்டு தம்பிகள் படிக்கக் காத்திருந்தார்கள். அதனால் படிப்போடு ஏதாவது வேலை தேடியே ஆகவேண்டும் என்று அவள் இறங்கினாள். பார்தோவில் குழந்தைத் துணி விற்கும் கடையில் கேட்டாள். முதலாளியம்மாவுக்கு முழுநாளும் நிற்கிற ஆள்தான் வேண்டுமாம். ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்காக மெட்ரோ நிறுத்தத்தில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தாள். பாதிப் பேர் அவள் கண்ணெதிரிலேயே கீழே போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு வீட்டில் பிரெஞ்சு ட்யூஷன் கிடைத்தது. அந்தப் பெண்பிள்ளை புத்தகத்தைத் திறக்கவே இல்லை, ஆனால் பரீட்சையில் தோற்றதற்கு ரிஹேம்தான் காரணம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள்.

கடைசியில் ஒரு கால்சென்டரில் எடுத்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் அவளுடைய குரல். நேரில் பார்த்தால் ஒல்லியாக, எப்போதும் தலைவலிக்காரி மாதிரி இருப்பாள். போனில் அந்தக் குரலைக் கேட்டால் யாரும் நம்பிவிடுவார்கள். தணிந்த, அவசரமில்லாத குரல். எங்கள் வீட்டுக்காரரே வாடகை கேட்டுச் சத்தம் போட ஆரம்பித்து, அவள் பேசப் பேச, நலம் விசாரித்துவிட்டுப் போனை வைத்திருக்கிறார்.

வேலை என்னவென்றால், பிரான்ஸில் இருக்கும் வயதானவர்களுக்குப் போன் போட்டு, குளிர்காலத்தில் ஜெர்பா தீவில் வந்து தங்குங்கள் என்று விற்பது. கடல், ஈச்சமரம், மூன்று வேளைச் சாப்பாடு, வெந்நீர் நீச்சல்குளம். எல்லாம் ஒரு தாளில் அச்சடித்திருக்கும். கால்சென்டரில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ரிஹேமுக்குக் கிடைத்த பெயர் சோஃபி. ஜெர்பா அவளுடைய ஊரிலிருந்து ஒன்றும் தொலைவில்லை. ஆனால் அங்கே ஹோட்டலில் போய்த் தங்குவதற்கு எங்கள் வீடுகளில் யாருக்கும் காரணம் இருந்ததில்லை.

வகுப்பு முடிந்ததும் மெட்ரோவில் நின்றுகொண்டே போவாள். திரும்பி வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்துவிடுவாள். நான் கீழேயிருந்து லப்லாபி வாங்கிவந்து, சூடான கொண்டைக்கடலையில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, காரவிழுதைக் கலந்து கிண்ணத்தை அவள் கையில் வைப்பேன். பாதி தின்னும்போதே கண் சொருகிவிடும். ஒருநாள் ஊரிலிருந்து அவளுடைய அம்மா கூப்பிட்டபோது, இவள் தூக்கக் கலக்கத்தில் பிரெஞ்சில், "வணக்கம், நான் சோஃபி பேசுறேன்" என்றாள். அந்தப் பக்கம் அம்மா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது.

"யாருடி அந்தச் சோஃபி? எம் பொண்ணு அங்கதான் எங்கயோ கிடப்பா, அவளைக் கூப்பிடு."

கால்சென்டரில் அவளுடைய பிரிவை மேற்பார்த்தவன் ஸுஹைர். அவனும் ஒரு காலத்தில் மாணவன்தான், படிப்பை முடிக்காமல் அங்கேயே தங்கிப்போனவன். ரிஹேம் கிழவிகளிடம் அதிக நேரம் பேசுகிறாள் என்பது அவனுடைய ஓயாத குறை. பின்னால் வந்து மேஜையைத் தட்டிவிட்டு, கதை கேட்கிற வேலை உனக்கில்லை, பெட்டியைக் கட்ட வைக்கிறதுதான் வேலை என்பானாம். ஆனால் அவள் கதை கேட்டதால்தான் அவர்கள் பெட்டியைக் கட்டினார்கள். அது அவனுக்கும் தெரியும்.

டிசம்பர் விடுமுறை நெருங்கியதும் வகுப்பில் எல்லோருக்கும் பயணப் பைத்தியம் பிடித்தது. பேஸ்புக்கில் நாளொரு சலுகை வரும். ஐன் தராஹாமில் பனி பார்க்கப் பேருந்து, தபர்காவில் மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம், வசதியுள்ளவர்களுக்கு இஸ்தான்புல். நாங்களும் பார்த்தோம். ஒன்றில் விசாரிப்பதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. ஒன்றில் பையன்களும் சேர்ந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும், நான் என் அண்ணனிடம் வாயே திறக்கவில்லை. இன்னொன்று முன்பணம் வாங்கிய கையோடு பக்கத்தையே மூடிவிட்டுப் போய்விட்டது. நல்லவேளை, ஏமாந்தது நாங்கள் இல்லை.

அப்போதுதான் ஸுஹைர் அந்தச் செய்தியைச் சொன்னான். ஜெர்பா ஹோட்டலில் அறைகள் காலியாகக் கிடக்கின்றன, நன்றாக விற்றவர்கள், பெயருக்கு ஏதோ கட்டிவிட்டு, ஒரு தோழியோடு போய்த் தங்கலாம். ரிஹேம் தயங்கினாள். வீட்டில் அவளை எதிர்பார்ப்பார்கள். நான்தான் விடாமல் நச்சரித்தேன்.

"சரி குலூத், வர்றேன்" என்றாள் ஒருவழியாக. "ஆனா தூங்குறதுக்குத்தான் வர்றேன். கடலைப் பாரு, கடைக்கு வான்னு என்னை இழுக்கக் கூடாது."

விடியலில் வேனில் இடம் பிடித்து, தெற்கே நாள் முழுக்க உட்கார்ந்து, ஜோர்ஃப் துறையில் படகேறி, தீவில் இறங்கினோம். ஹோட்டல் வெளியிலிருந்து வெள்ளைவெளேரென்று அழகாகத்தான் இருந்தது. உள்ளே நுழைந்தால் குளிர். முகப்புக் கூடத்தில் பிரெஞ்சுக் கிழவர்களும் கிழவிகளும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அறைச் சன்னலுக்குக் கீழேதான் நீச்சல்குளம். அதில் தண்ணீர் இல்லை. அடியில் கொஞ்சம் மழைநீர் பச்சையாகத் தேங்கி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது.

ரிஹேம் பையைக்கூடக் கீழே வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். குளிர்காலத்தில் யார் குளிக்கப்போகிறார்கள், விடு என்றேன் நான்.

"நான் இதைத்தானடி வித்தேன்" என்றாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் பக்கத்து மேஜையில் ஒரு வயதான அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது கைத்தடி நழுவி விழுந்தது. ரிஹேம் குனிந்து எடுத்து, பிரெஞ்சில், இந்தாங்க மேடம், பார்த்து நடங்க என்று சொன்னாள். அந்த அம்மா தடியை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

"சோஃபி?" என்றாள்.

"இல்லைங்க மேடம்" என்றாள் ரிஹேம். தடியை மேஜையில் சாய்த்துவிட்டு, தட்டை அப்படியே வைத்துவிட்டு, மாடிக்குப் போய்விட்டாள்.

நான் மேலே போனபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டு விழித்திருந்தாள். தூங்க வந்தவளுக்குத் தூக்கம் போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அந்த அம்மாவின் பெயர் ஒதெத். முட்டி வலிக்காரி. வெதுவெதுப்பான தண்ணீரில் நடந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புருஷன் இறந்த பிறகு அவள் தனியாகக் கிளம்பும் முதல் பயணம் இது. தண்ணீர் நிஜமாகவே சூடாக இருக்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்டாளாம். இவள் ஆமாம், ஆமாம் என்றாளாம்.

"உனக்குத் தெரியாதுல்ல. தாள்ல இருந்ததைத்தானே படிச்சே" என்றேன்.

"தெரியாதுதான். கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சா விக்க வராதுன்னுதான் கேக்கல."

மறுநாள் காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே கீழே இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். ஒதெத் முகப்புக் கூடத்தில் ஹோட்டல் போர்வையைக் காலில் சுற்றிக்கொண்டு புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். ரிஹேம் எதிரில் நின்று, நேற்றுப் பொய் சொன்னேன், சோஃபி நான்தான், குளத்தைப் பற்றிச் சொன்னதும் தப்பு, மன்னிக்கவேண்டும் என்றாள். பரீட்சையில் ஒப்பிப்பதுபோல் மூச்சுவிடாமல் சொன்னாள்.

ஒதெத் புத்தகத்தை மூடினாள். முகத்தில் இரக்கம் ஒன்றும் தெரியவில்லை.

"உங்க மன்னிப்பை வெச்சுக்கிட்டு என் முட்டிக்கு நான் என்ன பண்றது?" என்றாள். "எனக்கு வெந்நீர் வேணும்."

அது நியாயமான பேச்சு என்று ரிஹேமுக்குப் பட்டிருக்க வேண்டும். நேராக மேலாளரிடம் போனாள். அவர் பெயர் முன்திர். சவரம் செய்யாத முகம், கையில் ஆறிப்போன காப்பி. கோடையில் வரச்சொல் தங்கச்சி, குளம் நிறைய தண்ணீர் காட்டுகிறேன் என்று சிரித்துத் தள்ளப் பார்த்தார். இதே முதலாளிக்குச் சாலையின் அந்தக் கோடியில் இன்னொரு ஹோட்டல் இருக்கிறதே, அங்கே உள்ளேயே வெந்நீர்க் குளம் இருக்கிறதே என்று கேட்டாள். அந்த ஹோட்டலையும் அவள்தானே விற்றிருக்கிறாள். அங்கே இடமே இல்லை, நிரம்பி வழிகிறது என்றார் அவர்.

ரிஹேம் அவருக்கு எதிரிலேயே தன் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அந்த ஹோட்டலைக் கூப்பிட்டாள். அந்தக் குரல் வந்தது. தணிந்து, அவசரமில்லாமல், பிரெஞ்சில், தனியாக வரும் ஓர் அம்மாவுக்கு இன்றைக்கு அறை கிடைக்குமா என்று விசாரித்தது. தாராளமாக வாருங்கள் மேடம், எந்தப் பக்கத்து அறை வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

முன்திர் காப்பியை மேஜையில் வைத்தார். ஒதெத்தை மாற்றிவிட ஒப்புக்கொண்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் நாங்கள் கடற்கரைக்காவது போயிருப்போம். இந்தச் சேதி முகப்புக் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார், தன் அறையில் வெப்பக்கருவி வேலை செய்யவில்லையென்று. அக்கா தங்கை இருவர் வந்தார்கள், கடல் தெரியும் என்று சொன்ன சன்னலில் சலவைக்கூடம் தெரிகிறதென்று. அவர்களில் பாதிப் பேருக்கு விற்றது இவள்கூட இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு சோஃபி வாக்குக் கொடுத்திருந்தாள். ரிஹேம் ஒரு சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டு, எழுந்து போய் முன்திரிடம் பேசிவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தாள். விடுமுறையில் வந்தவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாண்ட்விச் வாங்கிவந்து கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டே மறந்துபோனாள். மாலைக்குள் ஒரு வழி பிறந்தது. இனி தினமும் ஹோட்டல் வேன் விரும்புகிறவர்களை அந்த வெந்நீர்க் குளத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும்.

ஒதெத் பெட்டியோடு கிளம்பினாள். ரிஹேம் வாசல்வரை தடியைப் பிடித்துக்கொண்டு போனாள். வேனில் ஏறி உட்கார்ந்ததும் ஒதெத், காலில் சுற்றியிருந்த போர்வையை ரிஹேம் கையில் கொடுத்து, மறக்காமல் உள்ளே ஒப்படைத்துவிடுங்கள் என்றாள். நன்றியும் இல்லை, திட்டும் இல்லை. வேன் போய்விட்டது.

முன்திர் எங்களை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். கோபமாக இல்லை. அவரும் களைத்துப்போயிருந்தார்.

"தங்கச்சி, நான் துனிஸுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொல்லித்தான் ஆகணும். எனக்கு மேலயும் ஆளுங்க இருக்காங்க."

"பண்ணுங்கண்ணே. வேணாம்னு நான் சொல்லலையே."

"படிக்கிற பொண்ணு. உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

ரிஹேம் தேநீரைக் குடித்தாள்.

கடைசி நாள் வெயில் வந்தது. கடற்கரையில் சாய்வு நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை இழுத்துப் போட்டேன். ரிஹேம் கோட்டோடு அதில் சுருண்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தூங்கிப்போனாள். ஒட்டகக்காரன் ஒருவன் சவாரி போகலாமா என்று கேட்டு வந்தான். அவளைக் காட்டி விரலை உதட்டில் வைத்தேன். அவன் ஒட்டகத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டு போனான். நிழல் சாய்ந்து குளிரெடுக்கும்வரை அவள் புரளக்கூட இல்லை.

மறுநாள் படகுக்குக் காத்திருக்கும்போது ஸுஹைரின் செய்தி வந்தது. இனி வரவேண்டாம் என்று ஒரு வரி. படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நீ செய்தது சரிதான், எனக்குப் பெருமையாக இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அப்புறம் சொல்லு குலூத். எங்கயாவது வேலை இருந்தா இப்ப சொல்லு."

அந்த வசந்தத்தில் அவள் ஒரு இனிப்புக் கடையில் ரமலான் முழுக்கப் பெட்டி கட்டினாள். பிறகு மற்ற மாணவர்களின் ஆய்வேடுகளில் பிரெஞ்சுப் பிழை திருத்திக் கொடுத்தாள். ஒரு பாடத்தில் தோற்று, திரும்ப எழுதி, பட்டம் வாங்கினாள். இப்போது காபெஸ் நகரில், பிரான்ஸுக்கு வேலைக்குப் போகவிருக்கும் நர்ஸுகளுக்கு மொழி சொல்லிக் கொடுக்கிறாள். தம்பிகளில் ஒருவன் என்ஜினியரிங் படிக்கிறான். அந்த ஹோட்டலில் பார்த்தவர்கள் யாரும் அவளைத் தேடிக் கடிதம் எழுதவில்லை. ஒதெத்தின் முட்டி என்ன ஆயிற்று என்பதும் எங்களுக்குத் தெரியாது.

போன கோடையில் தபர்காவுக்கு நல்ல மலிவில் ஒரு பயணம் அமைந்தது. ரிஹேமுக்கும் சேர்த்து இடம் பிடித்தேன், அவளும் வருகிறேன் என்றாள். கிளம்புவதற்கு முந்தின நாள் கூப்பிட்டாள். நர்ஸுகள் இன்னொரு வகுப்பு புதிதாகச் சேர்ந்திருக்கிறார்களாம், விட்டுவிட்டு வரமுடியாதாம். கோபித்துக்கொள்ளாதே என்றாள். அந்தத் தணிந்த குரலைக் கேட்டு யார் கோபித்துக்கொள்ள முடியும்? சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன். இன்னும் இல்லை என்றாள். போய்ச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.